வேறு எனில் விபரிக்கவும்

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகம், செவ்வாய்க்கிழமை.
வாங்கில் எனக்குப் பக்கத்தில் யோகராணியக்கா,
இடது முழங்காலுக்குக் கீழ் பிளாஸ்ரிக்.
அவவுக்கு அங்கால் ஒரு ஐயா,
கண்ணுக்குள் இன்னும் சன்னம் கிடக்குதாம்.
"உனக்கென்ன தம்பி, முழுசாய்த்தானே இருக்கிறாய்?"
கோபத்தில் இல்லை. கேட்டா, அவ்வளவுதான்.
எழுத்துப் பிடிபடாதக்கா என்றேன்.
அவ சிரிச்சா.
பிறகு காலைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்து
எனக்கு இடம் விட்டா.

அது இப்படித்தான்:
கொக்கு என்று நீங்கள் சொல்லேக்க
கானாதான் முதலில் கேட்குது.
தாளில் கொம்பு முந்திக்கொண்டு நிற்குது,
அரவு பின்னால் வந்து மறிக்குது.
நடுவில் அகப்பட்ட கானாவை நான் இழுத்தெடுக்கிறதுக்குள்
மற்றப் பெடியள் குளத்தையும் மீனையும் வாசிச்சு
பாடம் முடிச்சிடுவாங்கள்.
அரவென்றால் பாம்புமாம்.
தேவசகாயம் மாஸ்ரர் சொன்னவர்.
அடிக்கிற மனுசன், ஆனால் அது உண்மை.

ஏழு பள்ளிக்கூடம். இரண்டுக்குத்தான் கூரை.
இடம்பெயர்ந்த பிள்ளை, படிப்பு விட்டுப்போச்சு என்றார்கள்.
நல்ல மறைப்பு அது.
அதுக்குள்ளே வேறொன்று ஒளிச்சிருக்கென்று
ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும்தான்.
ஆனால் அதே தறப்பாளுக்குக் கீழே
அதே போத்தல் விளக்கில்
தங்கச்சி மருந்துப் பெட்டியைக்கூட எழுத்துக்கூட்டினாள்.
செல் அவளுக்கும் விழுந்ததுதானே.

பிழையில்லாமல் நான் முதன்முதல் வாசிச்சது
சிவப்புப் பலகை, மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு.
அதில் எழுத்தும் இருந்ததாம்.

போன வருசம் மகளை வவுனியாவுக்குக் கொண்டுபோனோம்.
கயலினி இரண்டாம் வகுப்பு,
கொப்பியில் 'படம்' எல்லாம் 'பம்' என்று கிடந்தது.
டொக்டர் அவளுக்கு அட்டைகள் காட்டிக் காட்டி எழுதிப்போட்டு
வீட்டில் வேறு ஆருக்கும் இப்படியோ என்று கேட்டார்.
பிரியவதனி திரும்பி என்னைப் பார்த்தாள்.
முப்பத்திரண்டு வயதில் என்ர வருத்தத்துக்குப் பெயர் கிடைச்சது:
டிஸ்லெக்சியா.
மொக்கன் என்பதைவிட நீளம்.

உத்தியோகத்தர் நல்லவ. குரலைத் தாழ்த்தி வாசிச்சா:
பார்வையா, கேள்வியா, கையா, காலா, மனநிலையா,
வேறு எனில் விபரிக்கவும்.
விபரிக்க மூன்று அங்குலப் புள்ளிக்கோடு.
"வேலை செய்யிறீங்களோ?"
தண்ணி மோட்டர் திருத்துவன்.
"அப்ப உழைக்கலாம்."
உழைக்கலாம்.
கடைக்குப் போனால் சாமானின்ர இலக்கம் சொல்லத் தெரியாது,
உடைஞ்சதைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவன்,
கம்பனியில் சேர்ந்து ஒன்பது நாள்,
வேலைச்சீட்டு நிரப்பச் சொன்ன அன்றைக்கு
வயிற்றுக்குத்து என்று வந்தவன் திரும்பிப் போகவில்லை.
இதெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை வாசலுக்கு வெளியே போயிருந்தது,
அதில் பாதிப்பேருக்கு விபரிக்கவே தேவையில்லை.

"சரி, இதில ஒப்பம் வையுங்கோ."

அது மட்டும் எனக்கு வரும்.
தங்கச்சி மணலில் கீறித்தந்ததை
மாட்டுக்குறிபோலப் பாடமாக்கினது.
ஊரில் எந்தக் குறி ஆரின்ர பட்டி என்று
இருட்டிலும் தடவிச் சொல்லுவன், அதேமாதிரி
வாகீசன்:
ஒரு வளைவு, பக்கத்தில் பாம்பு,
விசிறி, விசிறியில் சுழி,
கடைசியில் ஒரு குத்து.
வடிவாய் வைச்சேன். நாக்கை நீட்டிக்கொண்டு வைச்சிருப்பேன்போல.

அவ ஒப்பத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா.
"நல்ல எழுத்து," என்றா.
பேனையை இரண்டு தரம் தட்டிப்போட்டு
ஒரு கட்டத்துக்குள் சரி போட்டா.
எழுத வாசிக்கத் தெரிந்தவர்.
பிறகு வீட்டில் பிரதியைப் பார்த்து
பிரியவதனிதான் சொன்னாள்.

இன்றைக்குக் கடிதம் வந்திருக்கு.
அவள் கார்மென்ற்சால் வர ஆறரையாகும்.
கயலினி இரண்டு மணிக்கே வந்திடுவாள்,
அவளிட்டக் கொடுக்க மாட்டன்.
முதல் வரியில் கொம்பொன்று மறிக்க
அவள் நிமிர்ந்து என்ர முகத்தைப் பார்ப்பாள்.

உறையை மோட்டர் மூடிக்குக் கீழே வைச்சிருக்கிறேன்.
காற்று.