ஒரு பல்

கலியபெருமாளின் எஸ்டீம்
செம்மண்டலம் பட்டறைக்குள் நுழைந்தபோதே
எங்கோ பார்த்த முகம்போல் இருந்தது.
பிளேட் பாண்டி. ஆள் பண்ருட்டி.
பின்சீட்டில் முந்திரிச் சாக்கின் வாசம்.

"கேப்பர் மலை ஏறமாட்டேங்குது தம்பி.
மூணாவது போட்டா முக்குது.
நாலு வருசமா இப்படித்தான், அது கிடக்கட்டும்.
இப்ப ஒரு சத்தம் வருது, அதைப் பாரு."

நாலு வருசத்தில்
பிளக் மாற்றியிருக்கிறார், ஃபில்டர் மாற்றியிருக்கிறார்,
இன்ஜெக்டரைக் கழுவக் கொடுத்திருக்கிறார்.
பாண்டி பெட்ரோல்தான் கோளாறென்று
லிட்டருக்குக் கூடக் கொடுத்துக்
கடலூர் பங்கில் போட்டுப் பார்த்திருக்கிறார்.
கடைசியில் மச்சான் கண் பட்டதென்று
பம்பரில் எலுமிச்சை கட்டியிருக்கிறார்.
கருத்துச் சுருங்கி அது இன்னும் தொங்குகிறது.

ஸ்டார்ட் செய்யச் சொன்னேன்.
எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்றது.
ஃபேன் பெல்ட்டில் சொட்டுத் தண்ணீர் விட்டேன், அடங்கவில்லை.
நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை
ஒவ்வொரு போல்ட்டுத் தலையிலும் வைத்துப்
பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டேன்.
ஆல்டர்னேட்டர் சுத்தம். வாட்டர் பம்ப் சுத்தம்.
உறைக்குள்ளே டென்ஷனர்
ஜல்லி அரைத்துக்கொண்டிருந்தது.

வலது முன்சக்கரத்தைக் கழற்றினேன்.
துறைமுகத்து உப்பு கிராங்க் புல்லியின் போல்ட்டுகளைத்
தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது.
டீசல் விட்டு, டீ குடித்துவிட்டு வந்து,
சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தேன்.
டைமிங் உறையில் இரண்டு போல்ட்டுகளைக் காணோம்.
"எந்த மடையன் மாட்டினானோ" என்றேன்,
அவருக்கும் கேட்கட்டும் என்று.

உறையை எடுத்தேன்.
கேம் புல்லியின் ஒரு பல்லில்
மயில்கழுத்து நிறம்.

லூர்து ஒரே முறை பூசிப் பார்த்து
"செத்தவ நகம் மாதிரி இருக்கு" என்று
தூக்கிப்போட்ட நெயில் பாலிஷ்.
அடையாளம் வைக்க ஆகுமே என்று
குப்பியை நான்தான் எடுத்துவந்தேன்.
அந்த நிறத்தில் டைமிங் மார்க் போடுகிறவன்
இந்த ஊரில் ஒருவன்தான்.

கிராங்கை அதன் புள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.
மேலே வெட்டுக்கு நேராக நிற்கவேண்டிய மயில்கழுத்து
தள்ளி நின்றது.
விரலால் எண்ணினேன். தீக்குச்சியால் எண்ணினேன்.
ஒரு பல்.

கீழே இரண்டு சுற்று, மேலே ஒன்று.
அத்தனை நிதானமான அது
நாலு வருசமும் ஒரு நூல் பிந்தியே
வால்வுகளைத் திறந்து மூடியிருக்கிறது.
அன்றைக்கு என்ன அவசரமோ, நினைவில்லை.
டென்ஷனரை இறுக்கும்போது பெல்ட் தாவியிருக்கும்.
கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.
சுற்றவில்லை.

புது டென்ஷனர், புது பெல்ட்.
புள்ளிக்குப் புள்ளி, வெட்டுக்கு வெட்டு.
இரண்டு சுற்று போதும்.
ஆறு சுற்றினேன்.

பழைய டென்ஷனரை அவர் கையில் வைத்தேன்.
சுழற்றிப் பார்த்தார், கரகரவென்றது.
"இந்தச் சனியன்தானா" என்றார்.
ஆமாம் என்றேன்.
அது பொய்யில்லை.

சோதித்துப் பார்க்கப் போனவர்
அரைமணி கழித்து ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார்.
"மூணாவதுலயே ஏறிருச்சுய்யா!
நாலு பட்டறைக்காரனும் பிடுங்கித் தின்னானுவோ.
மொத மொத பெல்ட்டு மாத்தினது உன்கிட்டதானே,
அப்பவே திரும்பி வந்திருக்கணும்."

துணியில் கை துடைத்தேன். துடைத்த கையை மறுபடி துடைத்தேன்.
"ஒரு பல் தப்பா மாட்டியிருந்தது.
மாட்டினது நான்."

இன்ஜினை அணைத்தார்.
சாவியைப் பிடித்த கையாலேயே
விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.
பிளக், ஃபில்டர், இன்ஜெக்டர், பெட்ரோல்.
எலுமிச்சை வந்ததும் விரல் நின்றது.

"மச்சானோட பேசி ரெண்டு வருசம் ஆச்சு.
அதுக்கு எவ்வளவு போடுவே?"

பில் புத்தகத்தை எடுத்தேன்.
கார்பனைச் செருகினேன்.
தேதி மட்டும் எழுதினேன்.