பழுதுப் பதிவேடு

டிப்போ பதிவேட்டில் எழுதியது நான்தான்:
"ஹீட்டர் அளவுக்கு மீறிச் சுடுகிறது.
மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும்
கழுத்தில் தொடங்கிக் காதுவரை ஏறுகிறது."
கழுத்து என்பதை அடித்துவிட்டு
ஓட்டுநர் இருக்கை என்று திருத்தினேன்.

வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
உலான்பாத்தரின் நிலக்கரிப் புகை
தெருவிளக்குகளில் உறைந்து தொங்கியது.
டிராலிபஸ்ஸில் எல்லோர் மூச்சும் வெள்ளையாய்த் தெரிய
நான் மட்டும்
தொப்பி, கையுறை, ஆட்டுத்தோல் கோட்டு என
வெங்காயமாய் உரிந்துகொண்டிருந்தேன்.
ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தேன்.
"ஏய், குழந்தை இருக்கு!" என்றது பின்னிருக்கை.
மூடினேன்.
இரண்டே நிமிடம். நெருப்பு அணைந்து
முதுகில் வியர்வை பனிக்கட்டியாய் ஒட்டியது.
மறுபடி கோட்டு.

அப்புறம் அந்தப் புதன்கிழமை.
பத்தொன்பது வருடமாய் அறிவிக்கிற நிறுத்தம்,
பெயர் வரவில்லை.
"இதுதான், இறங்குங்கள்" என்றேன் மைக்கில்.
சிரித்தார்கள்.
நான் அழுதேன். அதற்கா அழுவார்கள்?

இரவு மூன்று மணிக்கு
ஈரத் தலையணையைத் திருப்பிப் போடுவேன்.
யாரோ கதவைத் தட்டுவதுபோல் நெஞ்சு அடிக்கும்.
தள்ளிப் படு என்றதற்கு
பத்சூரி நான்கு நாள் பேசவில்லை.
காலண்டரில் மூன்று மாதம் சிவப்புப் புள்ளியே இல்லை;
நான்காவதில் அணை உடைந்தது, பணிநேரத்தில்.
நடுவில் ஒருநாள் மருந்துக்கடையில் குரல் தாழ்த்தி
கர்ப்பச் சோதனை அட்டைகூட வாங்கினேன்,
நாற்பத்தொன்பது வயதில்.
ஒற்றைக் கோடு.

அப்போதும் ஹீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன்.

மெக்கானிக் கான்சுக் மூடியைக் கழற்றினான்.
ஒயரைத் தொட்டான். என்னைப் பார்த்தான்.
"அக்கா, இது
பதினோரு நாளாய்ச் செத்துக் கிடக்கிறது."

டிக்கெட் கொடுக்கும் ஊரன்சிமெக்
உப்புத் தேநீர் புரையேறச் சிரித்தாள்.
தன் கோட்டை விலக்கிக் காட்டினாள்:
உள்ளே வெறும் பருத்திச் சட்டை.
"எனக்குப் போன குளிர்காலமே ஆரம்பம்.
வீட்டு ரேடியேட்டர் என்று நினைத்து
இரண்டு தடவை ஆள் கூப்பிட்டேன்.
உனக்கு மாதவிடாய் நிற்கப்போகிறது, செவெல்மா.
பிரேக் போட்ட இடத்திலேயே நின்றுவிடுமா வண்டி?
கொஞ்சம் இழுத்துத்தான் நிற்கும்."

பதிவேட்டில் என் வரியை அடித்தேன்.
ஹீட்டர்: வேலை செய்யவில்லை.
ஓரத்தில் சின்னதாய்: வியாழன், டாக்டர்.

மதிய நடை.
மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் வந்தது.
ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்தேன்.
"குழந்தை இருக்கு!" அதே பின்னிருக்கை.

"முன்னால் கொண்டுவாருங்கள்" என்றேன்,
"இந்த வண்டியில்
இங்கேதான் சூடு."