ஆவணியில் அளந்த மதகு

ஆவணியில் அளந்தேன். மதகு காய்ந்து கிடந்தது.
அகலம் இரண்டடி. உள்ளே ஒற்றைச் செருப்பு,
பால்மாப் பைக்கற், நித்திரையில் ஒரு நாய்.
'போதுமானது' என்று படிவத்தில் எழுதினேன்.

கார்த்திகை. இரவு ஒரு மணி.
கரடிப்போக்குக்கு மேற்கே, முழங்காலளவில் நிற்கிறேன்.
கைபேசியில் பதினேழு தவறிய அழைப்புகள்.

நிமலதாசன் போன வருசம் இருபது லோட் கிறவல் பறித்து
வளவை உயர்த்தினார்.
அவருடைய வெள்ளம் ஞானசோதியின் குசினிக்குள் போனது.
ஞானசோதி மதில் கட்டினாள்.
மதிலில் முட்டித் திரும்பியது
பாலர் பாடசாலைக்குள் நுழைந்து
குட்டிக் கதிரைகளை, சிவப்பு, மஞ்சள்,
கூரை வரைக்குமல்ல, யன்னல் வரைக்கும் தூக்கியது.
எல்லோரும் அனுமதி எடுத்துத்தான் கட்டினார்கள்.
முத்திரை குத்தியது இந்தக் கை.

வரைபடத்தில் இங்கே ஒரு வாய்க்கால், நீலக்கோடு.
நிலத்தில் கடைத்தொகுதி, கல் பதித்த முற்றம்,
அதற்குப் பின்னால், புல் மூடிய பழைய மண் அணை.
யார் எழுப்பியது, எந்த மாதத்துச் சண்டைக்கு,
படிவத்தில் அதற்குக் கூடு இல்லை.

பெக்கோவின் விளக்கு மழையைத் துளி துளியாகக் காட்டுகிறது.
ரூபகாந்தன் தலையை வெளியே நீட்டுகிறான்:
"மிஸ், எங்காலை வெட்டி விடுறது?"

கிழக்கே வெட்டினால் ஒரு வாசல்.
தெற்கே வெட்டினால் தொட்டிலோடு ஒரு வாசல்.
நேரே, நீலக்கோட்டின் மேல்,
எங்கள் சபைக் களஞ்சியத்தின் மதில்,
போன தையில் திறந்து வைத்தது,
கல்வெட்டில் என் பெயரும் கடைசி வரியில்.

அதைக் காட்டினேன்.

இயந்திரத்தை நிற்பாட்டினான்.
மழை மட்டும் கேட்டது.
"கடிதம் இருக்கோ, மிஸ்?"