அடுப்புக் காவல்

கைனூக் காட்டில் நவம்பர்.
பத்துப் பேர் படுக்கும் கூடாரம், நடுவில் இரும்பு அடுப்பு.
மறுபயிற்சிக்கு அழைக்கப்பட்டவர்கள் நாங்கள்:
மின்கம்பம் ஏறுகிறவன், இரண்டு வாத்தியார்கள்,
பனிக்கலப்பை ஓட்டுகிறவன், இன்னும் சிலர்.
இரவு ஒன்றிலிருந்து இரண்டு வரை
அடுப்புக் காவல் என் முறை.
காவல் எனக்குத்தான், ஆனால் ஒருவரும் தூங்கவில்லை.
யூசோவின் கைப்பேசியில்
முப்பதாயிரம் குதிரைகள் வந்துகொண்டிருந்தன.

"தீனி எங்கே?" என்றார் ஒஸ்மோ.

சார்ஜென்ட் ஒஸ்மோ ஊரில் பள்ளிக்கூடச் சமையல்காரர்.
வியாழன்தோறும் நானூறு பிள்ளைகளுக்குப்
பட்டாணி சூப் கிண்டுகிறவர்.
பந்திக்கு முந்திப் படைக்குப் பிந்தும் ஆள் அல்ல,
பந்தியே அவர்தான்.
"ஒரு குதிரைக்கு நாளுக்குப் பத்துக் கிலோ வைக்கோல்.
இத்தனைக்கும் முந்நூறு டன்.
ஒரு வண்டிகூடக் கண்ணில் படவில்லையே,
பனியைத் தின்றா வந்தன?"

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.
மதில் இருக்க வெளியே எதற்கு வில்லாளிகள்?
அந்தக் குன்றின்மேல் ஒருவனை ஏற்றி
நாலு பக்கமும் பார்க்கச் சொன்னால் என்ன?
அகழியைத் தோண்டிவிட்டு
அதன் தப்பான கரையில் நிற்கிறார்களே,
தோண்டியவனின் மனைவி கேட்டால் என்ன சொல்வான்?
நாங்கள் சிரித்த சிரிப்பில்
கூடாரத் துணியின் உறைபனி உதிர்ந்தது.

திரையில் அரசி குதிரையைத் திருப்பினாள்.
தலைக்கவசம் இல்லை. நாம் முகம் பார்க்க வேண்டுமல்லவா.
எதிர்க்காற்றில் பேசத் தொடங்கினாள்.
கடைசி வரிசைக்காரன் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால்.
அவனும் சரியான சொல்லுக்கு வாளை உயர்த்துகிறான்.
"நம்ம வானொலிப் பெட்டி
இருநூறு மீட்டரிலேயே கரகரக்குது"
என்றது இருட்டில் ஒரு குரல்.

எனக்கு அன்றைய பகல் ஞாபகம் வந்தது.
லெப்டினன்ட் சைலா கெம்ப்பி,
ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவள்,
முன்னால் நடந்து எங்களைச்
சதுப்பில் முழங்கால் வரை இறக்கினாள்.
நின்றாள். வரைபடத்தைப் பார்த்தாள்.
நிலத்தைப் பார்த்தாள். மறுபடி வரைபடம்.
"நான் தப்பாகக் கூட்டி வந்துவிட்டேன்.
வந்த வழியே திரும்புவோம்.
முதலில் ஈரக் காலுறையை மாற்றுங்கள்."
உரை அவ்வளவுதான்.
இசை எதுவும் எழவில்லை.
எவனோ ஒருவன் கெட்ட வார்த்தை முணுமுணுத்தான். நான்தான்.
திரும்பும்போது அவள் கடைசி ஆளாக வந்தாள்,
முதுகுகளை எண்ணிக்கொண்டே,
இருபத்தாறு, இருபத்தேழு.

இதை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.
முடிசூடிய ஒருத்தி, ஆயிரம் ஈட்டிகள் முன்னே,
பாதை தப்பு, திரும்புங்கள் என்று சொல்வதை.
சொன்னால் அந்த வாரத்துக் கதை
பதினோரு நிமிடத்தில் முடிந்துபோகும்.
எல்லோரும் உயிரோடு இருப்பார்கள்.
யார் பார்ப்பார்கள்?

அதற்குள் அரசி தனியாகப் பாய்ந்துவிட்டாள்.
திட்டம் கிடையாது, பக்கக் காவல் கிடையாது.
ஒரு சாம்பல் குதிரை, எதிரே
மண்ணை மூடி நிற்கும் பகை.
சுத்த முட்டாள்தனம்.
ஒஸ்மோ ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம்.

சொல்லவில்லை.
வாய் லேசாகத் திறந்திருந்தது,
தட்டோடு வரிசையில் நிற்கும்
அவருடைய பிள்ளைகளில் ஒன்றைப்போல.
திரையில் ஒருவன் நகர்ந்தான்.
பிறகு பத்துப் பேர்.
பிறகு மலைச்சரிவே பெயர்ந்து அவள் பின்னால் ஓடியது.
ஒஸ்மோ மூக்கை உறிஞ்சினார்.
"புகை" என்றார்.
அடுப்பு புகையவில்லை.
காவல் என்னுடையது, எனக்குத் தெரியாதா.

"யூசோ, கொஞ்சம் பின்னால் தள்ளு.
அவள் திரும்புகிற இடத்திலிருந்து."

அரசி மறுபடி குதிரையைத் திருப்பினாள்.
சார்ஜ் இரண்டு சதவீதம்.
வாய் திறக்குமுன் திரை அணைந்தது.

கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை.
"ஒரே ஒரு வைக்கோல் வண்டி" என்றார் ஒஸ்மோ இருட்டைப் பார்த்து,
"ஓரமாகவாவது காட்டியிருக்கலாம்."

பிர்ச் கட்டை ஒன்றை உள்ளே தள்ளினேன்.
பட்டை முதலில் பற்றியது.