அரைப்பேரின் நிறை

ஆசிரியர் வழிகாட்டியில் செயற்பாடு ஏழு:
எளிய தராசு அமைத்தல், நாற்பது நிமிடம்.
தேவையானவை என்று அச்சடித்திருந்ததில்
எங்களிடம் இருந்தது அந்த நாற்பது நிமிடம்தான்.

என் அலுமாரியிலிருந்து ஒரு கம்பி ஹேங்கரை
பொகவந்தலாவ பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.
யோகட் கப் இரண்டையும் டிலோஜன் கழுவி வந்தான்.
(ஒன்றை அவன் சரியாகக் கழுவவில்லை என
எறும்புகள் பிறகு சொல்லின.)
சாக்குத் தைக்கிற நூல் சுவேந்தினியுடையது.

படிக்கு என்ன செய்வது?
"மாபிள்" என்றான் கடைசி வாங்கு ரொமேஷ்காந்,
நான் பறித்தவை என் லாச்சிக்குள்
மூன்று நாளாய்க் கிடப்பதை நினைவூட்டும் குரலில்.
மேசைமேல் உருட்டிவிட்டேன், பன்னிரண்டு.
பதின்மூன்று என்றான்.
லாச்சியை மீண்டும் திறந்தேன்.
பதின்மூன்றுதான்.

ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டதும்
வெறுங்கப்போடேயே ஒருபக்கம் சாய்ந்தது தராசு.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழிகாட்டியில் இது இல்லை.
சுவேந்தினி வெளியே ஓடி
விரல்நுனியில் சேறெடுத்து வந்து
மேலேறிய கப்பின் அடியில் அப்பினாள்.
"முதல்ல ஒண்ணுமில்லாதத சரிபண்ணணும் டீச்சர்."

பிறகு வகுப்பில் எதுவும் எடுபடாமல் இருக்கவில்லை.
அழிறப்பர், கோப்பைமூடி,
யாரோ ஒருவரின் விழுந்த பல்.
இரண்டு வெண்கட்டிக்கு மூன்று மாபிள்.
அப்படியானால் ஒரு வெண்கட்டிக்கு?
"ஒரு மாபிள ஒடைக்கணும்" என்றது முன்வரிசை.
ரொமேஷ்காந் மிச்சத்தைக் கைக்குள் பொத்தினான்.

பள்ளிக்குப் பின்னால் தேயிலை.
ஒரு பிடி கொழுந்து கொண்டுவந்தது யாரென்று
நான் கேட்கவில்லை.
நசுக்கி அடைத்தால் மூன்று மாபிள்.
போத்தல் தண்ணீர் தெளித்து உதறினால் நான்கு.
கரும்பலகையில் எழுதினார்கள்:
வெயில் கொழுந்து 3
மழைக் கொழுந்து 4

"அப்ப தண்ணிக்கு ஒண்ணு கழிக்கிறது சரிதானே"
டிலோஜன் சொன்னான்.
நிறுவைக் கொட்டகையில் பேரேடு எழுதுவது அவன் அப்பா.
"வெயிலுக்கும் கழிக்கிறாங்களே."
சுவேந்தினி குரலை உயர்த்தக்கூட இல்லை.
பலகையில் எழுதியிருந்ததை வாசித்தாள், அவ்வளவுதான்.

மலையில் பனி இறங்குகையில்
ஜன்னல் தானாகவே வெள்ளையாவது போல
வகுப்பு அமைதியானது.
டிலோஜன் எழுந்து
வேறு பிடி கொழுந்து, காய்ந்தது, அடைத்தான்.
மூன்றுக்கு மூன்று, நூல் ஆடாமல் நின்றது.
மாபிள் பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தான்.
கொழுந்து கீழே போனது.
எடுத்ததை எங்கே வைப்பதெனத் தெரியாமல்
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டான்:
"இப்ப இது யாரோடது?"

"என்னோடது" என்று கை நீட்டினான் ரொமேஷ்காந்.
கூரைத் தகரம் அதிரச் சிரித்தோம்.
நானும்தான். நாற்பது நிமிடம் முடிந்து
பக்கத்து வகுப்பு சமயப் பாடத்திற்குப் போயிருந்தது.

சிரிப்பு அடங்கும்போது சுவேந்தினி:
"அரைப்பேர்னா எத்தன மாபிள் டீச்சர்?
நேத்து அம்மாவுக்கு அரைப்பேருதான்.
ரெண்டு கிலோ பத்தல."

மேசைமேல் வரவுப் பதிவேடு திறந்திருந்தது.
இருபத்திரண்டு பேர்.
அதில் பாதியாக எழுதிய பேரொன்றும் இல்லை.
இதைச் சொல்லலாமென்று வாயெடுத்தேன்,
பதிலாகாதென்று தோன்றியது.
"தெரியாது" என்றேன்.
அவள் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

பாடக்குறிப்பின் கடைசிக் கட்டத்தில்
கற்றற் பேறு அடையப்பட்டதா என்றிருந்தது.
பேனையை மூடி வைத்தேன்.

மறுநாள் தராசு ஜன்னலிலேயே இருந்தது,
சேறு காய்ந்து உதிர்ந்து
மறுபடி ஒருபக்கம் சாய்ந்து.
சுவேந்தினி புதுச்சேறு அப்பும்வரை பொறுத்திருந்து
டிலோஜன் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்தான்,
அப்பாவின் பேனை,
மூடியில் பல் பதிந்த நீலப் பேனை.

ஒரு மாபிள்கூட இல்லை.

நம்பாமல் எடுத்துத் துடைத்து
மறுபடி வைத்துப் பார்த்தான்.