மூன்றாம் மாடி வாடகை பாக்கி

மூன்றாம் மாடியில் முசியே வெர்தலே.
பதினான்கு வார வாடகை பாக்கி.
பாரிஸ் போலீஸ் விலை வைத்த தலை என்பார்.
எனக்குத் தெரிந்து அதில் பேன்தான் இருந்தது.

இது ஒளியின் நூற்றாண்டு, மேடம் பெரிஷோ,
என்று சொல்லிக்கொண்டே இறங்கி வருவார்,
மெழுகுவர்த்தி இரவல் கேட்க.
கூடவே ஒரு கேள்வி:
கோபம் வந்தால் பெண்கள் முதலில்
எதைக் கழற்றி எறிவார்கள்?
செருப்பை, என்றேன்.
இடதா, வலதா?

எழுதியது ஒரு சீமாட்டியின் படுக்கையறையை.
உள்ளே மந்திரி, திரைக்குப் பின்னால் பாதிரி,
உப்பு வரி யார் மடியில் முடிவானது என்பது வரை.
வெர்சாயின் வாசற்படியை மிதித்தறியாத மனிதர்.

மார்கழிக் குளிரில் வந்தார் ஒரு தூதர்,
சாம்பல் நிறக் கோட்டு, கனத்த பணப்பை.
நானூறு பிரதி, நானூறும் வேண்டும்;
இனி எழுதாமலிருக்க ஆண்டுக்கு இவ்வளவு.
எழுதிப் பிழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்,
எழுதாமல் பிழைப்பதை அன்றுதான் பார்த்தேன்.

என் ரொட்டி அடுப்பில்தான் எரித்தார்கள்.
ஈரத் தாள்; சோஹோ முழுக்கப் புகை.
தூதரின் உதடு அசைந்துகொண்டே இருந்தது,
எண்ணுகிறார் என்று நினைத்தேன்.
படித்துக்கொண்டிருந்தார்.
உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது;
நாங்கள் ஊர்வாயை உலைக்குள் தள்ளினோம்.
மறுநாள் ரொட்டியில் லேசாக மை வாசம்.
தெருவே தின்றது.

எண்ணிக்கை தவறியதில் ஒன்று
என் மாவுப் பானைக்குள் விழுந்தது.

வாடகை வந்த இரவு பிரித்தேன்.
சீமாட்டி எறிவது வலது செருப்பு.
அரண்மனையில் எப்படியோ ஒரு கிழிந்த பச்சைத் திரை.
இடது தோளில் அவரை விதை அளவு மச்சம்.
(அதை எப்போது பார்த்தார் என்று கேட்காதீர்கள்.
பதினான்கு வாரம் நீளமானது.)
நாற்பதாம் பக்கத்தில்:
கணவன் செத்த அன்று அவள் அழவில்லை,
வெள்ளிக் கரண்டிகளை எண்ணினாள்.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வசந்தத்தில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்துவிட்டது
"திருத்திய பதிப்பு".
இரண்டாம் மாடி வக்கீல் படிக்கட்டில் நின்று
உரக்கப் படித்தார், சிரிப்பில் தும்மினார்.
ஒரு நாடே இவளால்தான் அழுகுகிறது,
இந்த மச்சக்காரியால், என்றார் என்னிடம்.

இருக்கும், என்றேன்.
சால்வையை இடது தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு
கரண்டிகளைத் துடைக்கப் போனேன்.
பன்னிரண்டில்
பதினொன்றுதான் இருந்தன அன்றும்.