அசையாதீங்க

பகல் முழுக்க நான் சொல்வது இதுதான்.
நெஞ்சில் வயர்களை ஒட்டிவிட்டு,
'அசையாதீங்க, பேசாதீங்க, அரை நிமிஷம்.'
கல்முனை ஆஸ்பத்திரி, ஈசிஜி அறை.
போயா நாளிலும் திறந்திருக்கும்.

இரவு, மருதமுனைக் கடற்கரையில்,
முக்காலியின் நடுவில்
மணல் நிரப்பிய சொப்பிங் பேக்கைத் தொங்கவிட்டு
நிலவிடமும் சொல்கிறேன்.
கேட்பதில்லை.
இரண்டு நிமிஷத்தில் தன் அகலம் முழுக்க நகர்ந்து
சட்டத்தை விட்டு ஏறிப் போய்விடுகிறது.

ஐஎஸ்ஓ நூறு. செக்கனில் இருநூறில் ஒரு பங்கு.
எல்லாம் சரியாகத்தான் வைத்தேன்.
ஆனாலும் முழுநிலவு
அடையாள அட்டைப் படம் மாதிரி விழுகிறது:
நேரே முகத்தில் வெளிச்சம்,
குழிகளெல்லாம் பவுடர் பூசி மறைத்தபடி.
தெற்கே டைக்கோ மட்டும்
கல் பட்ட வேன் கண்ணாடியாய்க் கீறிக் கிடக்கிறது.

உதுமாலெவ்வை காக்கா வந்து நின்றார்.
பெப்ரவரியில் சேட்டைக் கழற்றி
என் கட்டிலில் படுத்தவர்.
"என்ன மிஸ், இவவுக்கும் நெஞ்சுநோவா?"

சிரித்தேன். அந்த நேரம் பார்த்து ஷட்டர் விழுந்தது.

கரையில் ஏற்றிக் கிடந்த தோணியைக் காட்டினார்.
"இப்பிடி எறிச்சா மீன் வலையைக் கண்டிரும்.
தேயட்டும். பொறகுதான் தொழில்."

எனக்கும் அப்படித்தான், காக்கா.
எட்டாம் நாள் நடுச்சாமத்தில்
பாதியாய் வரும்போது
விளிம்புகளில் நிழல் விழும்.
அப்போதுதான் ஆழம் தெரியும்.

நூற்றுப் பதினேழில் ஆறை வைத்துக்கொண்டு
மற்றதை அழித்தேன்.
ஆறாவது, சிரிப்பில் குலுங்கியது.
இரட்டை விளிம்போடு ஒரு நிலவு.
நாளைக்கு டொக்டரிடம் காட்டினால்
திரும்ப எடுக்கச் சொல்வார்.